பொங்கலுக்கு ஊரில் இல்லையென்றால் எங்கே இருக்கலாம்

ஐப்பசி கடைசியில், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம், அக்கா மகள் மேலூரிலிருந்து வந்தாள். படிப்பு முடிந்துவிட்டது. வேலைக்குச் சேர ஆர்டர் வந்திருக்கிறது, ஆனால் சேரும் தேதியைத் தள்ளி வைக்க அந்த நிறுவனம் சம்மதித்திருக்கிறது. கையில் கொஞ்சம் சேமிப்பும் இருக்கிறது. "சித்தி, டிசம்பர் கடைசியில கிளம்பி வெளிநாட்டுல தன்னார்வலரா இருந்துட்டு வரலாம்னு பார்க்குறேன். நீங்க ரெண்டு தடவை போயிருக்கீங்கள்ல, எது சரின்னு சொல்லுங்க" என்று போனை நீட்டினாள்.

மூன்று வழிகளைக் குறித்து வைத்திருந்தாள். காத்மாண்டுவில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மூன்று வாரம், கட்டணம் கட்டிச் சேர்வது. வெளிநாட்டுப் பண்ணை ஒன்றில் வேலை செய்து, கூலிக்குப் பதில் சாப்பாடும் தங்க இடமும் பெறுவது. ஜெர்மனியில் ஒரு வருடம் முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பது. இந்த மூன்றில் முதலாவதையும் கடைசியையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். இரண்டு பொங்கலை வெளியூரில் கழித்திருக்கிறேன்.

பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் அம்மா தலை நிமிராமலே சொன்னாள்: "பானை பொங்கையில ஒரு ஆளு குறைஞ்சாக்கூட குலவைச் சத்தம் நிறையாதுடி." பேத்திக்குச் சொன்னாலும் அது எனக்கும் சேர்த்துத்தான். ஆகவே அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு இந்த வருடமும் பல வீடுகளில் பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

குறுகிய காலப் பயணத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆசையை அதிகம் கிளப்புவது அதுதான். நான் தப்பு செய்ததும் அதில்தான்.

2015 ஜனவரியில் நேபாளம் போனேன். ஒரு ஏஜென்சிக்கு மூன்று வாரத்துக்கு 60,000 ரூபாய் கட்டினேன். பயணச் செலவு தனி. ரயிலில் கோரக்பூர், அங்கிருந்து சோனௌலி எல்லை, பிறகு மலைப்பாதையில் பஸ். இந்தியர்களுக்கு நேபாளத்தில் விசா வேண்டாம், வாக்காளர் அட்டை போதும். அந்தச் சுலபம்தான் என்னை இழுத்தது. இல்லத்தில் 19 குழந்தைகள். எனக்கு நேபாளி தெரியாது. இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பது என் வேலை என்றார்கள்.

போன முதல் மணி நேரத்திலேயே ஆறு வயதுக் குழந்தை ஒன்று என் மடியில் ஏறி உட்கார்ந்து கழுத்தைக் கட்டிக்கொண்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. எவ்வளவு பாசம் என்று அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். அம்மா மூன்று பிள்ளை வளர்த்தவள். "பழகாத ஆளுகிட்ட பிள்ளை அழாம வந்துச்சா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு அப்போது புரியவில்லை.

சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்கக் கைத்தடங்கள். இதற்கு முன் வந்து போன தன்னார்வலர்கள் சாயத்தில் கையைத் தோய்த்துப் பதித்தவை. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று கூரை வரைக்கும் போயிருந்தன. ஒவ்வொரு கையின் கீழும் ஒரு பெயர், ஒரு நாடு. நானும் ஒரு மூலையில் பதித்தேன். மேலே இருந்த பச்சைக் கையைக் காட்டி, இது யாருடையது என்று அந்தக் குழந்தையிடம் சைகையில் கேட்டேன். குழந்தைக்கு ஞாபகம் இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருவர் வருகிறார், மடியில் ஏற்றிக்கொள்கிறார், போய்விடுகிறார். எத்தனை பேரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ளும்?

நம் பொங்கலன்று அங்கே மாகே சங்கராந்தி. அதே சூரியன், அதே மகர மாதப் பிறப்பு. அவர்களும் கிழங்கு சாப்பிடுகிறார்கள். தருல் என்கிற வள்ளிக்கிழங்கு வகையை அவித்து, நெய்யும் எள்ளுருண்டையும், சாக்கு என்கிற கெட்டி வெல்லப்பாகும் சேர்த்து. அன்று காலை கேட்டுக்கு வெளியே ஒரு ஆள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பையில் கிழங்கும் சாக்கும். மலைக்கிராமத்திலிருந்து மகளைப் பார்க்க வந்த அப்பா. என் மடியில் உட்கார்ந்த அதே குழந்தையின் அப்பா. மகள் போர்டிங் ஸ்கூலில் படிக்கிறாள் என்றுதான் அவர் நினைத்திருந்தார். அதற்காக ஒருவரிடம் பணம்கூடக் கொடுத்திருந்தார். சமையல்கார அம்மா அரைகுறை இந்தியில் இதை எனக்குச் சொன்னபோது, அந்த 60,000 ரூபாயில் நான் எதை வாங்கியிருக்கிறேன் என்று புரிந்தது. அனாதைக் குழந்தைகளைப் பார்க்கப் பணம் கட்டுகிற ஆள் வந்துகொண்டே இருந்தால், அனாதைகளும் இருந்துகொண்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் மலையிலிருந்து இறக்கிக்கொண்டு வருவார்கள்.

அதே வருடம் ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் 7.8 அளவில் பூகம்பம். கிட்டத்தட்ட 9,000 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, பெற்றோரோ முறையான பாதுகாவலரோ இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கூட்டிப்போகக் கூடாது என்று நேபாள அரசு தடை போட்டது. எதற்கு இப்படி ஒரு தடை என்று அந்தக் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்த எவருக்கும் தெரியும். 2018-இல் ஆஸ்திரேலியா, நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டம் கொண்டு வந்தபோது, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதையும் அதில் ஒன்றாக ஒப்புக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையே, இப்படிப்பட்ட இல்லங்களில் தன்னார்வச் சுற்றுலா செய்யும் கேட்டைக் குறிப்பிட்டுத் தீர்மானம் போட்டது.

அக்கா மகள் காட்டிய விளம்பரத்திலும் குழந்தைகள் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவளிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "போலீஸ் சான்றிதழ் கேட்டாங்களா?" இல்லை. பாஸ்போர்ட் ஆபீஸில் 500 ரூபாய் கட்டினால் கிடைக்கிற நன்னடத்தைச் சான்று அது. குழந்தைகளோடு தங்கப்போகும் அந்நியரிடம் அதைக்கூடக் கேட்காத இடத்தில் குழந்தைகளின் பாதுகாப்பு யார் பொறுப்பு? அந்த வழியை அங்கேயே அடித்துவிட்டோம்.

குறுகிய காலம் என்றாலே வீண் என்று நான் சொல்லவில்லை. கையில் தேர்ந்த தொழில் இருந்து, போகிற இடத்தில் அதைக் கேட்டு அழைத்திருந்தால் இரண்டு வாரமே பெரிது. கண் அறுவை சிகிச்சைக்கு உதவும் நர்ஸ், குடிநீர்க் குழாய் போடத் தெரிந்தவர், கணக்கைச் சீராக்கிக் கொடுக்கக்கூடியவர் போன்றவர்களுக்கு அது பொருந்தும். மொழியும் ஒரு தொழில் மாதிரித்தான். மதுரையிலிருந்து கொழும்புக்கு நேர் விமானம் இருக்கிறது. நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களில் எத்தனையோ குடும்பங்களின் வேர் மதுரை, ராமநாதபுரம் சீமையில். தோட்ட வேலைக்கு இங்கிருந்து ஆட்கள் 1823-இல் போகத் தொடங்கி, 2023-இல் 200 வருடம் நிறைந்தது. அங்கே ஒரு பள்ளிக்கூடம் அழைத்தால் நம் பிள்ளை முதல் நாளே வாய் திறந்து பேசலாம். ஆனால் அதற்குரிய விசாவோடு போக வேண்டும். சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது, சம்பளம் இல்லாத வேலையாக இருந்தாலும், பல நாடுகளில் குற்றம். பிரிட்டன் மாதிரி ஓரிரு நாடுகள்தான் பார்வையாளராக வந்தவர் பதிவு பெற்ற அறக்கட்டளையில் 30 நாள் வரை தொண்டு செய்யலாம் என்று தெளிவாக எழுதி வைத்திருக்கின்றன.

பண்ணை வழியைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 1971-இல் லண்டனில் ஒரு செக்ரட்டரி, வாரக் கடைசியில் நகரத்தை விட்டு வெளியே போய் இயற்கை விவசாயிகளுக்குக் கை கொடுக்கலாமே என்று தொடங்கியது இன்று வூஃப் என்ற பெயரில் பல நாடுகளில் இருக்கிறது. ஒரு நாளைக்கு நாலு முதல் ஆறு மணி நேர வேலை, பதிலுக்குச் சோறும் படுக்க இடமும். யோசனை அழகானது, ஏமாற்று குறைவு, யாருடைய குழந்தைக்கும் கேடு இல்லை. ஆனால் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வாசல் குறுகியது. நியூசிலாந்து போன்ற நாடுகள் சோற்றுக்குச் செய்வதையும் வேலை என்றே கணக்கில் எடுக்கின்றன. விடுமுறையும் வேலையும் கலந்த விசாவை ஆஸ்திரேலியா 2024-இல்தான் இந்தியர்களுக்குத் திறந்தது. 18 முதல் 30 வயதுக்காரர்களுக்கு, வருடத்துக்கு 1,000 இடம், அதுவும் குலுக்கலில். இன்னொன்று, டிசம்பர், ஜனவரியில் ஐரோப்பிய வயல்கள் உறைந்து கிடக்கும். மாட்டுக்கொட்டகை வேலை தவிர அங்கே கைக்கு வேலை குறைவு. அதே நேரம் மேலூரில் அவள் அப்பா வீட்டு வயலில், பெரியாறு தண்ணீரில் விளைந்த நெல் அறுப்புக்கு நிற்கும், ஆள் கிடைக்காமல். விவசாயம் கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் இந்தத் தை மாசியில் முதலில் அங்கே இறங்கலாம். இதைச் சொன்னபோது அவள் முகம் கொஞ்சம் சுருங்கியது, ஆனால் மறுக்கவில்லை.

அடுத்தது ஒரு வருட வழி.

ஜெர்மனியில் கட்டாய ராணுவ சேவையை 2011-இல் நிறுத்தினார்கள். ராணுவத்துக்குப் போக மனமில்லாதவர்கள் அதற்குப் பதிலாக ஆஸ்பத்திரியிலும் முதியோர் இல்லத்திலும் வேலை பார்ப்பது அதுவரை வழக்கம். அதுவும் நின்றுபோனதால், ஜூலை 1, 2011 முதல் கூட்டாட்சித் தன்னார்வச் சேவை என்று ஒன்றைக் கொண்டு வந்தார்கள். பொதுவாக 12 மாதம். குறைந்தது 6, அதிகம் 18. இதில் வெளிநாட்டவரும் சேரலாம். 2013 முதல், வெல்ட்வேர்ட்ஸ் என்ற அரசுத் திட்டத்தின் கீழ் நம் மாதிரி நாடுகளிலிருந்து 18 முதல் 28 வயதுக்காரர்களை இந்தச் சேவைக்கு அழைக்கிறார்கள். நான் அப்படித்தான் 2016-இல் போனேன். தங்க அறை, சாப்பாடு, இன்சூரன்ஸ், மாதம் கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. என் கையிலிருந்து போனது மொழி வகுப்பு, சான்றிதழ்கள், சென்னைக்கு நாலைந்து முறை அலைந்தது, ஒரு நல்ல குளிர் கோட்டு. மூன்று வார நேபாளத்துக்கு ஆனதைவிடக் குறைவு. நல்ல இடம் எது என்று அடையாளம் காண எனக்குத் தெரிந்த ஒரு வழி இது: அவர்கள் உங்களிடம் பணத்தைவிட நாட்களைக் கேட்பார்கள்.

வேலை கடினம். தன்னார்வலருக்கு மருந்து, ஊசி எதுவும் கிடையாது. காலைச் சாப்பாடு பரிமாறுவது, சக்கர நாற்காலி தள்ளுவது, பூட்ஸ் மாட்டி விடுவது, கூட உட்கார்ந்து பேசுவது. முதல் மூன்று மாதம் நான் அவர்களுக்குச் சுமையாகத்தான் இருந்தேன். பேச்சு புரியவில்லை. ஒரு பாட்டி தண்ணீர் கேட்க, நான் கம்பளி கொண்டு போனேன். நவம்பரில்தான் அவர்கள் சொல்வது காதில் வார்த்தையாக விழ ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் திரும்பியிருந்தால் நான் உபயோகப்படத் தொடங்குவதற்கு முன்பே விமானம் ஏறியிருப்பேன். வருடத்துக்கும் வாரத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று நான் சொல்வது இதைத்தான்.

டிசம்பர் முதல் வாரம் ஸ்டாஃப் ரூம் கதவில் பண்டிகை டூட்டி சார்ட்டை ஒட்டினார்கள். அதைச் சுற்றி நின்றவர்களின் முகம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸின் உயிர் 24-ஆம் தேதி சாயங்காலத்தில் இருக்கிறது. அன்றுதான் குடும்பம் கூடிப் பரிசு பிரிப்பது. மதியம் இரண்டு மணிக்குள் கடைகளை அடைத்துவிடுவார்கள், ஊரே அடங்கிவிடும். 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. ஆனால் முதியோர் இல்லத்தில் 24-ஆம் தேதி சாயங்காலமும் 40 பேருக்குச் சாப்பாடு போட்டுப் படுக்க வைக்க வேண்டும். சின்னப் பிள்ளை வைத்திருந்த நர்ஸ் ஒருவர் அந்தக் கட்டத்தில் தன் பெயரைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கோட்டை எடுத்து மாட்டினார். எனக்குப் பளிச்சென்று பட்டது. இந்தக் கூட்டத்தில் 24-ஆம் தேதி எந்த வீடும் காத்திருக்காத ஆள் நான் ஒருத்திதான். நர்ஸ் வேலையை நான் செய்ய முடியாது. ஆனால் நான் முழு ஷிப்டும் நின்றால் ஒரு நர்ஸும் நானுமாகச் சமாளிக்கலாம், இன்னொருவர் வீட்டுக்குப் போகலாம். பொறுப்பாளரிடம் சொன்னேன். சார்ட்டில் ஒரு பெயரை அடித்து என் பெயரை எழுதினார்.

அன்று இரவு உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் பரிமாறினோம். அதுதான் அங்கே அந்த இரவுச் சாப்பாடு, நம் அமாவாசைச் சமையல் மாதிரி எளிமையானது. சிலரைப் பிள்ளைகள் வந்து கூட்டிப்போயிருந்தார்கள். மீதி இருந்தவர்கள் யாரும் வராதவர்கள். ஒன்பது மணிக்கு ஒரு பாட்டி என் கையைப் பிடித்து, உன் வீட்டில் உன்னைத் தேட மாட்டார்களா என்று கேட்டார். எங்கள் பண்டிகை இன்னும் மூன்று வாரம் கழித்து என்றேன். அப்படியா, அன்றைக்கு நீ போய்விட வேண்டும், சரியா என்று இரண்டு மூன்று முறை சொன்னார்.

ஜனவரி 14 எனக்குக் காலை ஷிப்ட். முதல் நாள் அந்த நர்ஸ் என் அறைக் கதவைத் தட்டி, நாளைக்கு உன் வேலையை நான் பார்க்கிறேன், உங்கள் பண்டிகையைக் கொண்டாடு என்றார். பாட்டி எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார் போல. மதுரையில் காலை 6:40-க்குப் பானை பொங்குகிறது என்றால் அங்கே ராத்திரி 2:10. நாலரை மணி நேர வித்தியாசம். அலாரம் வைத்து எழுந்து வீடியோவில் உட்கார்ந்தேன். அம்மாவும் அக்காவும் அத்தையும் குலவையிட்டார்கள். போனில் அது ஒரே இரைச்சலாக வந்தது. நானும் இட வாய் திறந்தேன், ஆனால் பக்கத்து அறையில் ஆள் தூங்குகிறது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு இட்டேன். ஊரில் இல்லாத வலி என்றால் எனக்கு இன்றும் அந்தக் குலவைதான்.

காலையில் இல்லத்துச் சமையலறையில் பொங்கல் வைத்தேன். பாயசத்துக்கு அவர்கள் போடும் குண்டு அரிசி, ஆசியக் கடையில் வாங்கிய பாசிப்பருப்பு, வெல்லத்துக்குப் பதில் கரும்புச் சர்க்கரை. பால் பொங்கி வழிய வேண்டுமே. வழிந்தது. கண்ணாடி அடுப்பில் பட்டுக் கருகிய வாசனை வராந்தா முழுக்கப் போயிற்று. வெளியே சூரியன் எட்டே கால் தாண்டியும் மேகத்துக்குள் இருந்தான். வாசனை பிடித்து வந்த ஒரு தாத்தா, விவசாயியாக இருந்தவர், "மில்ஷ்ரைஸா?" என்று கேட்டார். அவர்களுக்கும் பால்சோறு உண்டு. கிண்ணத்தில் வாங்கி, மேலே பட்டைப்பொடி தூவிச் சாப்பிட்டார். அறுவடை முடிந்து மாட்டுக்கு நன்றி சொல்லும் பண்டிகை என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். தன் பசுக்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். பதினொன்றோ பன்னிரண்டோ சொன்னார்.

இன்னொரு பாதியையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்த ஜனவரிதான் 2017 ஜனவரி. ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கச் சொல்லி, பொங்கல் கழிந்த இரண்டாம் நாள் அலங்காநல்லூரில் உட்கார்ந்தவர்கள் எழுந்திருக்கவில்லை. மதுரைத் தமுக்கம் மைதானத்தில் ராத்திரி பகலாகக் கூட்டம். செல்லூர்ப் பக்கம் வைகைப் பாலத்தில் ரயிலை மறித்து நின்றார்கள். என் கூடப் படித்தவர்கள் எல்லாரும் அந்தத் தெருவில். நான் ஏழாயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் ஒரு தாத்தாவின் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் என்று கையெழுத்துப் போட்டால் இதுவும் அதற்குள் அடக்கம். கல்யாணம், சாவு, பெரிய போராட்டம் எது வந்தாலும் திரும்ப முடியாது. அதைத் தாங்க மாட்டேன் என்று தோன்றினால் போக வேண்டாம். அதில் அவமானம் எதுவும் இல்லை.

ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970-இலிருந்து இருக்கிறது, 18 முதல் 26 வயதுக்காரர்களுக்குத் தனிப் பிரிவும் உண்டு. வாழ்க்கைச் செலவுக்குப் பணம் தருவார்கள். போட்டி பலமானது, நினைத்த மாதத்தில் கிளம்ப முடியாது. ஆனால் அவர்களின் இணையவழித் தன்னார்வப் பிரிவில் வீட்டிலிருந்தே வாரம் சில மணி நேரம் மொழிபெயர்ப்போ வடிவமைப்போ செய்து பழகலாம். முதலில் அதில் ஆரம்பிப்பது நல்லது.

நாலாவது வழியை அவள் குறித்து வைக்கவில்லை. ஊரிலேயே இருப்பது.

ஜெர்மனியில் கதவில் ஒட்டிய அந்தச் சார்ட்டைப் பார்த்த பிறகு எனக்கு எல்லா ஊரிலும் அது கண்ணில் படுகிறது. பொங்கலன்று மதுரையில் யார் டூட்டி? பெரியாஸ்பத்திரியில் அந்த மூன்று நாளும் காயம்பட்டவர்கள் வந்துகொண்டிருப்பார்கள். பொங்கலுக்கு அவனியாபுரம், மாட்டுப் பொங்கலுக்குப் பாலமேடு, மறுநாள் அலங்காநல்லூர் என்று வரிசையாக ஜல்லிக்கட்டு. அங்கே நம்மால் உள்ளே புகுந்து ஒன்றும் செய்ய முடியாது. முந்தின வாரம் போய் ரத்தம் கொடுக்கலாம். அதை வருடா வருடம் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் முதியோர் இல்லங்கள் வேறு. அழகர்கோவில் ரோட்டுப் பக்கம் ஒரு இல்லத்துக்கு நான் ஜெர்மனியிலிருந்து திரும்பியதிலிருந்து போகிறேன். பொங்கலுக்குச் சமையல்காரர், ஆயாக்கள் எல்லாரும் உசிலம்பட்டி, பேரையூர் என்று ஊருக்குப் போக வேண்டியவர்கள். பொங்கலன்று காலை பத்து மணிக்கு ஆளுக்கொரு பாத்திரத்தில் சர்க்கரைப் பொங்கலைத் தூக்கிக்கொண்டு பலர் வருகிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டு பதினொன்றரைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே சர்க்கரைப் பொங்கல் சாப்பிட முடிகிறவர்கள் பாதிப்பேர்தான், மீதிப்பேருக்குச் சுகர். மாட்டுப் பொங்கலன்று காலை ஆறு மணிக்குக் குளிக்க வைக்க ஆள் கிடையாது. அன்றைக்கு வருகிற ஒருவர்தான் அவர்களுக்குத் தேவை. ஒரு ஆயாவுக்கு நாம் அந்த ஒரு ஷிப்டைக் கொடுத்தால், அவர் வீட்டு வாசலில் அவர் மாட்டுக்கு அவரே பொட்டு வைப்பார்.

ஆனையூர், திருவாதவூர், உச்சப்பட்டியில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. கடல் தாண்டிப் போய்ச் சொல்லிக்கொடுக்க நினைக்கும் அதே கணக்கும் இங்கிலீஷும் அங்கே பத்தாவது படிக்கும் பிள்ளைகளுக்கு வேண்டும். முறைப்படி அனுமதி வாங்கி, ஒரு வருடம் விடாமல் போக முடிந்தால். அரவிந்த் கண் மருத்துவமனை 1976-இல் 11 படுக்கையோடு தொடங்கியது இந்த ஊரில்தான். இன்று அங்கே பயிற்சிக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறார்கள். சேவை கற்றுக்கொள்ள விமானம் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை.

ஆனாலும் ஊரிலேயே இருப்பதுதான் எல்லாருக்கும் நல்லது என்று நான் அவளிடம் சொல்லவில்லை. வெளியே போனால் ஒன்று கிடைக்கிறது. நாம் யாருக்கும் தெரியாத ஆளாக, பேச்சு வராத ஆளாக, அடுத்தவர் தயவில் வாழ்கிற ஆளாக இருந்து பார்ப்பது. அது எனக்குள் மாற்றிய விஷயங்களை மேலூரிலோ மதுரையிலோ இருந்து நான் பெற்றிருக்க முடியாது. அது சேவை என்பதைவிடப் படிப்பு. அப்படியே ஒப்புக்கொண்டு போனால் தப்பில்லை. அதற்கு ஒரு வருடம் வேண்டும்.

ஆகவே அவளுக்கு நான் சொன்னது இவ்வளவுதான். இந்த டிசம்பருக்குள் ஒழுங்கான இடம் எதுவும் அமையாது. மொழித் தேர்வு, இடம் கிடைப்பது, விசா எல்லாவற்றுக்கும் ஏழெட்டு மாதமாவது வேண்டும். மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் மதுரையிலேயே இரு, பணத்தைக் கையில் வை. ஒரு வருடம் கொடுக்க மனமிருந்தால், வேலையில் சேரும் தேதியை இன்னும் தள்ளிக் கேள், அவர்கள் மறுத்தால் எது வேண்டும் என்று அப்போது முடிவு பண்ணு. இன்றைக்கே ஜெர்மன் வகுப்பில் சேர். குழந்தைகள் இல்லம் மட்டும் எந்த நாட்டிலும் வேண்டாம்.

இரண்டு நாள் யோசித்தாள். ஏ1 என்கிற முதல் நிலை ஜெர்மன் வகுப்புக்குப் பணம் கட்டிவிட்டாள். வேலை விஷயம் இன்னும் முடிவாகவில்லை. பொங்கலுக்கு முந்தின நாளே எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவதாகச் சொன்னாள். போன வாரம் அந்த இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். சமையலறைச் சுவரில் தொங்குகிற நாள்காட்டியின் பின்பக்கத்தில்தான் டூட்டி எழுதி வைப்பார்கள். மாட்டுப் பொங்கல், காலை 6 முதல் 2 என்ற வரியில் பேச்சியம்மாள் என்ற பெயரை மேட்ரன் அடித்துவிட்டு இவள் பெயரை எழுதினார். பேச்சியம்மாள் அக்கா பாத்திரம் விளக்குவதை நிறுத்தாமல் திரும்பிப் பார்த்து, "தாயி, மூணாம் ரூம்பு அம்மாவுக்கு வெந்நீ ரொம்பச் சூடா ஊத்திறாத, தோலு மெலிசு" என்றார்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னோம். "மாட்டுப் பொங்கலுக்குத்தான? அப்ப மொத நாள் குலவைக்கு இருப்பா" என்றாள்.